தடைக்காலமும் விளம்பர இடைவேளையும்

(காரைக்கால் மாவட்டம் மண்டபத்தூரில் மீனவ இளைஞர்கள் கூட்டிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கிரிக்கெட்டைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் தம்பிகள் கூப்பிட்டார்கள். கிரிக்கெட்டைப் பற்றி இந்த ஊர்ப் பையன்களுக்கு நான் என்னத்தைச் சொல்லிவிட முடியும்? அதனால் கிரிக்கெட்டுக்கு நடுவில் வருகிற சமாச்சாரத்தைப் பேசுகிறேன் என்றேன். "விளம்பரத்தைப் பற்றி ஒரு மணி நேரமா?" என்று ஒரு தம்பி சிரித்தார். ஒரு ஐ.பி.எல். பருவம் முழுக்க அதைத்தானே தம்பி பார்க்கிறோம்!

முதலில் நாள்காட்டியை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு கடலுக்குள் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்த தடை, 2017-இலிருந்து 61 நாள் ஆனது. ஐ.பி.எல். எப்போது? மார்ச் கடைசியில் தொடங்கி, மே கடைசி வரைக்கும், சில வருஷம் ஜூன் வரைக்கும் போகும். 2025-இல் மார்ச் 22-இல் ஆரம்பித்து ஜூன் 3-இல் முடிந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படகு கரையேறி, இன்ஜின் இறக்கி, வலையைப் பிரித்துப் போட்டு உட்காரும்போது ஆட்டம் சூடு பிடித்திருக்கும். மறுபடி டீசல் போட்டுக் கடலுக்குப் போகும்போது கோப்பையை யாராவது தூக்கியிருப்பார்கள். நாட்டில் வேறெந்தத் தொழில்காரருக்கும் இப்படி அரசாங்கமே ஆட்டம் பார்க்க விடுமுறை கொடுத்த மாதிரி அமைவதில்லை. ஆனால் அது கையில் காசில்லாத விடுமுறை. நிவாரணம் வரும், எப்போது வரும் என்பது தனிக் கூட்டம் போட்டுப் பேசவேண்டிய விஷயம்.

இந்த இரண்டு மாதத்தைக் கணக்குப் பண்ணி மண்டபத்தூரை யாரும் குறி வைக்கவில்லை. விளம்பரம் எடுக்கிறவர் பம்பாயில் இருக்கிறார். மண்டபத்தூர் என்று ஒரு ஊர் இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆனால் வலை விரிக்கிறவன் மீனின் பெயரைக் கேட்டுக்கொண்டா விரிக்கிறான்? யாருக்கு நேரம் இருந்து பணம் இல்லையோ, யாருக்கு அவசரமாக ஒரு நல்ல காலம் வேண்டியிருக்கிறதோ, அவரிடம்தான் சில விளம்பரங்கள் ஆழமாகப் போய்ச் சேரும். நான் இன்று பேசப்போவது அந்தச் சில விளம்பரங்களைப் பற்றித்தான். சோப்பு, பற்பசை, பெயிண்ட், டயர் விற்கிறவர்கள் மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவர்கள் காசு கொடுத்ததால்தான் நாம் ஆட்டம் பார்க்கிறோம்.

எவ்வளவு காசு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூனில் ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமையை ஐந்து வருஷத்துக்கு ஏலம் விட்டார்கள். டிவி, இணையம் எல்லாம் சேர்த்து 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. 410 ஆட்டம். வகுத்தால் ஓர் ஆட்டம் 118 கோடி. ஓர் ஆட்டத்துக்கு 240 பந்து. ஆக, ஒரு பந்துக்கு 49 லட்சம். வைடு, நோ-பால் இதில் சேர்த்தி இல்லை, அது கொசுறு. பந்து வீசுகிற பையன் ஓடி வந்து, கால் இடறி, வீசாமல் திரும்பிப் போகிறானே, அப்போது எனக்கு பணம் கட்டிய கம்பெனியின் கணக்குப்பிள்ளை முகம்தான் ஞாபகம் வருகிறது.

இத்தனைக்கும் 1990-களின் தொடக்கத்தில், இந்தியா ஆடும் ஆட்டத்தைக் காட்டுவதற்குத் தூர்தர்ஷனுக்குக் கிரிக்கெட் வாரியம்தான் பணம் கட்டவேண்டும் என்ற நிலைமை இருந்தது. அப்புறம் 1993-இல் ஹீரோ கோப்பை. வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஒளிபரப்பு உரிமையைக் கொடுத்தது, அரசாங்கம் மறித்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1995 பிப்ரவரி 9-இல் தீர்ப்பு. அதில் நீதிபதிகள் சொன்ன ஒரு விஷயத்தை நாம் எல்லோரும் மனப்பாடம் பண்ணி வைத்துக்கொள்ளவேண்டும். வான்வழி அலைவரிசை பொதுமக்களின் சொத்து, அது அரசாங்கத்துக்கும் சொந்தமில்லை, கம்பெனிக்கும் சொந்தமில்லை என்றார்கள். கடல் யாருக்குச் சொந்தம் என்று தலைமுறை தலைமுறையாக வழக்காடி வருகிற ஊருக்கு இந்தத் தீர்ப்பு புரியும். அலைவரிசை நம்முடையது. அதில் மீன் பிடிக்கிறவர்கள்தான் வேறு ஆட்கள்.

தீர்ப்பு வந்த பிறகு கதவு திறந்தது. பணம் வந்தது. பணம் வந்ததும் ஆட்டத்தின் உடம்பே மாறத் தொடங்கியது. 2009-இல் ஐ.பி.எல். தென்னாப்பிரிக்காவுக்குப் போனபோது, இன்னிங்ஸுக்கு நடுவில் ஏழரை நிமிஷம் ஆட்டத்தை நிறுத்தினார்கள். வியூகம் வகுக்க இடைவேளையாம்! ஆட்டக்காரர்களே முணுமுணுத்தார்கள். அடுத்த வருஷம் அதைத் துண்டு போட்டு, இன்னிங்ஸுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் இரண்டரை நிமிஷம் என்று ஆக்கினார்கள். இன்றுவரை அப்படித்தான். ஓர் ஆட்டத்துக்குப் பத்து நிமிஷம். பருவத்துக்கு 74 ஆட்டம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பதினொரு பேர் வட்டமாக நின்று தண்ணீர் குடிக்கிறார்கள். நாம் விளம்பரம் பார்க்கிறோம். அந்த இடைவேளைக்கும் ஒரு டயர் கம்பெனியின் பெயரை வைத்து விற்றார்கள். சிக்ஸர் அடித்தால் அது சிக்ஸர் இல்லை, 'டி.எல்.எப். மேக்ஸிமம்'. கேட்ச் பிடித்தால் 'கார்பன் கமால் கேட்ச்'. 2010-இல் மைதானத்துக்கு மேலே எம்.ஆர்.எப். பலூன் ஒன்றைப் பறக்கவிட்டார்கள். வர்ணனையாளர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு அந்தப் பலூனின் அழகை வர்ணித்த கூத்தை இங்கே இருக்கிற நாற்பது வயதுக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆறாவது பந்தில் ரன் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை சுருங்கி, பக்கவாட்டிலும் அடியிலும் ஒரு விளம்பரம் வந்து உட்காருகிறதே, அதைத் தடுக்க 2012-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு விதி போட்டது. நேரடி ஆட்டத்தில் ஆட்டம் நிற்கும்போது மட்டும்தான் விளம்பரம், திரையின் ஒரு பகுதியில் விளம்பரம் கூடாது என்று அதில் இருந்தது. ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. 2013-இல் திருத்தி, மணிக்கு 12 நிமிஷம் என்ற பழைய வரம்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த வரம்பையும் எதிர்த்துச் சேனல்கள் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. போதும், இந்தக் கதை இவ்வளவுதான். விதி எழுதுகிறவர் கை சேனல்களுக்கு முன்னால் எப்படி மெலிந்து போகிறது என்பதற்காகச் சொன்னேன்.

விளம்பரம் என்றாலே எனக்கு ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையில் விளம்பரப் படங்களுக்குத் தமிழ் எழுதிக் கொடுத்துச் சில காலம் பிழைத்தவன் நான். நல்ல விளம்பரம் என்றால் எழுந்து நின்று கைதட்டுவேன். அதே 2009-இல் வோடபோன் கம்பெனிக்காக 'ஜூஜூ' வந்தது. வெள்ளை உருவம், முட்டை மாதிரி தலை, குச்சிக் கை கால். கம்ப்யூட்டர் பொம்மை என்றுதான் நாடே நினைத்தது. உள்ளே இருந்தவர்கள் உயிருள்ள நடிகர்கள். ஒல்லியான பெண்களுக்கு வெள்ளை உடுப்பை மாட்டி, கேப் டவுனில் வைத்துப் படம் பிடித்தார்கள். எடுத்தவர் பிரகாஷ் வர்மா, மலையாளி. 2025-இல் மோகன்லாலின் 'துடரும்' படத்தில் வில்லனாக வந்து மிரட்டினாரே, அவரேதான். அந்தப் பருவத்துக்காகச் சுமார் 30 குட்டிப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். பார்த்ததையே பார்க்கவேண்டிய தலைவிதி நமக்கு இல்லை. இன்று என்ன புதுசு என்று குழந்தைகள் இடைவேளைக்குக் காத்திருந்தார்கள். வசனமே கிடையாது என்பதால் பஞ்சாபிப் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் ஒரே சிரிப்பு.

கேட்பரிஸ் சாக்லேட் விளம்பரம் ஒன்று 1994-இல் வந்தது. பையன் சிக்ஸர் அடிக்கிறான். அவனுடைய காதலி பாதுகாவலரைத் தாண்டி மைதானத்துக்குள் ஆடிக்கொண்டே ஓடி வருகிறாள். 2021-இல் அதையே திருப்பி எடுத்தார்கள். இந்த முறை அடிப்பது பெண், ஆடிக்கொண்டு ஓடி வருவது பையன். இரண்டுமே ஓகில்வி நிறுவனத்தின் வேலை. அங்கே பல காலம் தலைமை வகித்த பியூஷ் பாண்டே 2025 அக்டோபரில் காலமானார். விளம்பரத்துக்கு வருமுன் ராஜஸ்தானுக்காக ரஞ்சிக் கோப்பையில் ஆடியவர். அவர் போய்ப் பத்து நாளுக்குள், நவம்பர் 2-இல், நம் பெண்கள் அணி நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று உலகக் கோப்பையை எடுத்தது. அந்தச் சாக்லேட் படம் மாதிரி விளம்பரத்தை எத்தனை முறை போட்டாலும் பார்க்கலாம். பார்த்தவர் பையில் கை வைக்காது, பார்த்தவர் மூளையையும் மட்டம் தட்டாது.

2015 உலகக் கோப்பையில் வந்த 'மௌக்கா மௌக்கா' எனக்கு ஒரு தடவை பிடித்தது. பட்டாசைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, உலகக் கோப்பையில் இந்தியாவை ஜெயித்தால் வெடிக்கலாம் என்று 1992-லிருந்து காத்திருக்கும் பாகிஸ்தான் ரசிகர். ஏக்கமும் சிரிப்பும் கலந்த படம். பிறகு ஒவ்வொரு தொடருக்கும் அதையே இழுத்து, வெறும் கேலியாக்கிப் பாழடித்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் சூப்பர் பவுல் என்று அவர்கள் பாணிக் கால்பந்தின் இறுதி ஆட்டம். அங்கே விளம்பரம் பார்ப்பதற்காகவே பாதிப் பேர் டிவி போடுவார்கள் என்று சொல்வதுண்டு. 1984-இல் ஆப்பிள் கம்ப்யூட்டருக்காக ரிட்லி ஸ்காட் எடுத்த படம் இன்றுவரை பேசப்படுகிறது. அங்கே அது ஒரே ஒரு ராத்திரி. அன்றைக்கென்று சமைத்த சாப்பாடு. இங்கே இரண்டு மாதத்துக்கு அதே சாம்பாரைச் சூடு பண்ணிப் பண்ணி ஊற்றுகிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. 2000 ஜனவரி சூப்பர் பவுலில் இணையக் கம்பெனிகள் வரிசை கட்டி விளம்பரம் கொடுத்தன. அதில் நாய் பூனைச் சாமான் விற்ற பெட்ஸ்.காம் அந்த நவம்பரிலேயே மூடிக்கொண்டு போனது. 2022 சூப்பர் பவுலில் மின்னணுப் பணம் விற்கும் கிரிப்டோக் கம்பெனிகள். அதில் எப்.டி.எக்ஸ். அந்த நவம்பரில் திவால்.

நம் ஊர் ஆட்டத்திலும் இந்த வரிசையை வைத்துப் பாருங்கள். 1996 உலகக் கோப்பை இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மூன்று நாட்டிலும் நடந்தது, இலங்கை ஜெயித்தது. கோப்பையின் பெயரே வில்ஸ். சிகரெட்டின் பெயர்! நம் ஆட்டக்காரர்கள் நெஞ்சிலும் அதே பெயர். பள்ளிக்கூடப் பையன் நோட்டு அட்டையில் பேனாவால் அந்த எழுத்தை வரைந்து வைத்திருப்பான். அந்தத் தொடரில் அதிக ரன் எடுத்தவர் சச்சின், 523. அவருடைய மட்டையில் ஒட்டு ஒன்றுமே இல்லை. புகையிலைக்கும் மதுவுக்கும் விளம்பரம் செய்யமாட்டேன் என்று அப்பாவிடம் கொடுத்த வாக்கு என்று பின்னால் அவரே சொன்னார். அப்புறம்தான் நம் சென்னை எம்.ஆர்.எப். அந்த மட்டைக்கு வந்தது. சிகரெட் விளம்பரத்துக்கு முழுத் தடை எப்போது வந்தது? 2003-இல் சட்டம். அதற்குள் அந்த நோட்டு அட்டைக்காரர்களில் எத்தனை பேர் புகைக்கப் பழகியிருப்பார்கள்?

அப்புறம் இந்தியச் சட்டையில் சஹாரா. 2001-லிருந்து 2013 வரை. மக்களிடம் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடு என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2014-இல் அதன் தலைவர் சிறைக்குப் போனார். பணம் போட்ட ஏழைகள் திரும்ப வாங்குவதற்கென்று அரசாங்கம் இணையதளம் திறந்தது 2023-இல். சென்னை அணியின் மஞ்சள் சட்டையில் ஆரம்ப வருஷங்களில் ஏர்செல். 2018 பிப்ரவரியில் சிக்னல் செத்து, நம்பரை மாற்றுவதற்கு நாம் கடை கடையாக ஏறி இறங்கியது இங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2019-லிருந்து 2023 வரை இந்தியச் சட்டையில் பைஜூஸ். பிள்ளை படிக்கட்டும் என்று கடன் போட்டுப் பணம் கட்டிய பெற்றோர் எத்தனை பேர்! கடைசியில் கிரிக்கெட் வாரியமே 158 கோடி பாக்கி என்று அந்தக் கம்பெனி மீது திவால் வழக்குப் போட்டது. 2024 ஜூலையில் அது விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. 2021 டி20 உலகக் கோப்பை முழுக்கக் கிரிப்டோ விளம்பரம். அடுத்த வருஷ ஐ.பி.எல்.லில் அது காணோம். 2023-இல் சட்டைக்கு வந்தது, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு நடத்திய டிரீம்11. மூன்று வருஷத்துக்கு 358 கோடி. இரண்டே வருஷத்தில் சட்டம் வந்து அதுவும் போனது. 2025 செப்டம்பரில் ஆசியக் கோப்பை ஆடும்போது நம் அணியின் சட்டையில் விளம்பரப் பெயரே இல்லை. அப்படியும் ஜெயித்துக்கொண்டு வந்தார்கள்.

இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பந்துக்கு 49 லட்சம் என்று விலை வைத்தால் அந்த விலைக்கு யார் வருவார்? பெயிண்ட் விற்றுச் சம்பாதிக்கிறவர் ஓரளவுதான் கொடுக்க முடியும். அவருக்கு ஒவ்வொரு ரூபாயும் டப்பா விற்றுத்தான் வரவேண்டும். அதற்கு மேல் அள்ளி வீசுகிறவர் பெரும்பாலும் முதலீட்டாளர் பணத்தையோ, நம் பணத்தையோ வைத்துக்கொண்டு வீசுகிறவர். சட்டம் வருவதற்குள் பேர் எடுத்துவிடவேண்டும் என்ற அவசரம் அவருக்கு. அதனால் இந்த வருஷம் யார் அதிகமாக வருகிறார் என்று பார்த்தாலே, அடுத்த ஐந்து வருஷத்தில் எங்கே அழுகைச் சத்தம் கேட்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

டிரீம்11 மாதிரி ஆட்டங்களைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். இரு அணியிலிருந்தும் பதினொரு பேரைப் பொறுக்கி நீயே ஓர் அணி அமை, 49 ரூபாய் கட்டு, கோடி ரூபாய் பரிசு. விளம்பரத்தில் யார் வந்தார்கள்? மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கும் அதே ஆட்டக்காரர்கள். ஓவர் முடிகிறது, அவரே வருகிறார், அணியை அமை என்கிறார். அடுத்த ஓவரில் அவரே பந்து வீசுகிறார். ஆட்டம் எங்கே முடிந்தது, விளம்பரம் எங்கே தொடங்கியது என்று பெரியவர்களுக்கே பிடிபடாதபோது, பதினாறு வயதுப் பையனுக்கு என்ன தெரியும்?

அந்த விளம்பரங்களின் கடைசியில் ஒரு எச்சரிக்கை வந்தது. பண நஷ்டம் வரலாம், பழக்கமாகிப் பிடித்துக்கொள்ளலாம், பொறுப்போடு விளையாடு என்று பொருள்படும் வரி. 2020 டிசம்பரில் விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு மன்றம் வைத்த நெறி அது. சாதாரண வேகத்தில் சொல்லவேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் இந்த மாதிரி வரியை எப்படிச் சமைப்பார்கள் என்று நான் கிட்டத்தில் இருந்து பார்த்தவன். படம் இந்தியில் எடுத்து வரும். முப்பது விநாடி என்றால் முப்பது விநாடி, ஒரு சொட்டுக் கூடாது. நடிகர் பேசுவதற்கும் பாட்டுக்கும் இடம் ஒதுக்கியது போக எச்சரிக்கைக்கு மூன்று விநாடி மிஞ்சும். தமிழில் அதை மனுஷன் பேசுகிற மாதிரி படித்தால் ஆறேழு விநாடி ஆகும். குரல் கொடுப்பவர் மூச்சை இழுத்துப் பிடித்து ஒரே தம்மில் கொட்டுவார். அப்படியும் நாலரை விநாடி வரும். பிறகு ஒலிப்பொறியாளர் திரையில் அலை அலையாகத் தெரிகிற அந்தக் குரலில், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் உள்ள மூச்சை ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பார். மிச்சத்தை வேகம் கூட்டி நெருக்குவார். கடைசியில் கேட்டால் தேனீ ரீங்காரம் மாதிரி இருக்கும். "புரியவில்லையே" என்று ஒரு தடவை சொன்னேன். "அதுக்குத்தான் சார்" என்று பதில் வந்தது.

தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023-இல் அமலுக்கு வந்தது. பூவம் எல்லையைத் தாண்டினால் அந்தச் சட்டம். இந்தப் பக்கம் நாம் புதுச்சேரி, அது நமக்குப் பொருந்தாது. பெட்ரோல் விலையும் பாட்டில் விலையும் எல்லைக்கு எல்லை மாறுகிற ஊர்க்காரர்களுக்கு இது ஆச்சரியம் இல்லை. ஆனால் டிவிக்கு எல்லை ஏது? ஒரே விளம்பரம் தரங்கம்பாடியிலும் ஓடியது, மண்டபத்தூரிலும் ஓடியது. 2025 ஆகஸ்டில்தான் நாடாளுமன்றம் முழு நாட்டுக்கும் சட்டம் போட்டது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டை நடத்தினால் மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டு வருஷம், 50 லட்சம். நல்ல சட்டம், நான் வரவேற்கிறேன். 2020-இல் ஐ.பி.எல்.லின் பெயரோடேயே டிரீம்11 ஒட்டிக்கொண்டு வந்தபோது இந்தச் சட்டம் எங்கே போயிருந்தது என்று கேட்கவும் எனக்கு உரிமை உண்டு.

இன்னொரு ரகம், மாறுவேஷ விளம்பரம். மது விளம்பரத்துக்கு 2000-லிருந்து கேபிள் டிவியில் தடை. உடனே மதுக் கம்பெனிகள் சோடா விற்றன, தண்ணீர் விற்றன, பாட்டு சி.டி. விற்றன. சி.டி. போடுகிற பெட்டியே எந்த வீட்டிலும் இல்லாமல் போன பிறகும் சி.டி. விளம்பரம் மட்டும் ஓடியதே, அது எந்த ஊர் நியாயம்? பெங்களூர் அணிக்குப் பெயரே ஒரு விஸ்கியின் பெயரை ஒட்டி விஜய் மல்லையா வைத்ததுதான். காரைக்கால்காரர்களுக்கு அந்தப் பாட்டிலை யாரும் டிவியில் அறிமுகப்படுத்தவேண்டிய தேவை இல்லை. அது வேறு துக்கம். பான் மசாலாக் கம்பெனிகளோ ஏலக்காய் விற்கின்றன. 1983-இல் லார்ட்ஸ் மைதானத்தில் கோப்பையைத் தூக்கிய கபில் தேவும், அதே அணியில் ஆடிய கவாஸ்கரும் வெள்ளிப் பூச்சு ஏலக்காய் விளம்பரத்தில் வந்ததை 2023 ஐ.பி.எல்.லில் பார்த்தேன். என் தலைமுறைக்கு அவர்கள் இருவரும் சாமி. அந்தச் சாமிகள் பொட்டலம் நீட்டுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அக்ஷய் குமார் 2022-இல் அந்த மாதிரி விளம்பரத்திலிருந்து மன்னிப்புக் கேட்டு விலகினார். அமிதாப் பச்சன் 2021-இல் ஒப்பந்தத்தை முறித்தார். நம் கிரிக்கெட் சாமிகளுக்கு அந்த மனசு வரவேண்டும்.

"பிடிக்கவில்லை என்றால் சத்தத்தைக் குறைத்துக்கொள், அண்ணே" என்று சில தம்பிகள் சொல்லக்கூடும். சொந்த வீட்டு நடுக்கூடத்தில் ரிமோட்டோடு உட்கார்ந்திருப்பவருக்கு அது சரி. வலை பின்னும் கூடத்தில் இருபது பேர் உட்கார்ந்து, கையில் ஊசியும் நூலும் ஓடிக்கொண்டிருக்க, காது மட்டும் டிவியில் இருக்கிறதே, அங்கே யார் எழுந்து போய்ச் சத்தம் குறைப்பது? கண்ணால் பார்ப்பதைவிடக் காதில் விழுவது ஆழமாகத் தங்கும். ஓர் ஆட்டத்துக்கு நாலு தடவை, இரண்டு மாதத்துக்கு ராத்திரி ராத்திரி கேட்ட வரியை நீங்கள் மறக்க முயன்றாலும் முடியாது. அப்பாவின் போனில் பையன் விளையாடுகிறான். பணம் போகும் வழியும் அதே போனில். மார்கழியில் சீட்டு எடுத்து வைத்த பணம் சித்திரையில் எங்கே போனது என்று அம்மாவுக்குத் தெரியாது. இந்தக் கடற்கரையில் எத்தனை வீட்டில் இப்படி நடந்தது என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிச் சொல்லவும் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். உங்களுக்கே தெரியும்.

இப்போது ஒரு கம்பெனி போயிருக்கிறது. அடுத்த கம்பெனி வரும். உடனடிக் கடன் செயலியாக வரலாம். பங்குச் சந்தையில் ஒரே நாளில் பணம் பெருக்கித் தருகிறேன் என்று வரலாம். வேறு பெயரில், வேறு நடிகரோடு, அதே 49 லட்ச ரூபாய்ப் பந்துக்கு நடுவில் வரும். அப்போதும் சட்டம் ஐந்து வருஷம் கழித்து வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் போடலாம். மறுபடி செய்தால் 50 லட்சம். அதில் நடித்த பிரபலத்துக்கும் பொறுப்பு உண்டு. ஒரு வருஷம் வரை விளம்பரத்தில் தலை காட்டக் கூடாது என்று தடுக்க முடியும். 2022 ஜூனில் வந்த விதிமுறையில் மாறுவேஷ விளம்பரமும் கூடாது என்று இருக்கிறது. கருவி இருக்கிறது. எடுத்துப் பயன்படுத்த ஆள்தான் இல்லை.

அரசாங்கத்தைப் பார்த்து எனக்கு ஒரே கோரிக்கை. இந்தியா ஆடும் முக்கிய ஆட்டங்களைத் தூர்தர்ஷனோடு பகிரவேண்டும் என்று 2007-இல் சட்டம் போட்டவர்கள் நீங்கள். அதே கையால் இன்னொன்றும் எழுதுங்கள். நேரடி ஆட்டத்தின் நடுவில், பார்ப்பவரிடமிருந்து பணத்தை முன்கூட்டி வாங்குகிற எந்தச் செயலிக்கும், எந்த நிதிக் கம்பெனிக்கும் விளம்பர இடம் கிடையாது. ஆடும் காலத்தில் ஆட்டக்காரர் அந்த மாதிரி விளம்பரத்தில் வரக்கூடாது. அலைவரிசை மக்களுடையது என்று உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகு, இதைக் கேட்க நமக்குத் தயக்கம் வேண்டாம்.

பஞ்சாயத்தாருக்கும் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற தடைக்காலத்தில் எப்படியும் கூட்டமாக உட்கார்ந்துதான் ஆட்டம் பார்ப்பீர்கள். டிவிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். சந்தேகமான விளம்பரம் வந்தால் தேதி, நேரம், சேனல், யார் வந்தார், என்ன சொன்னார் என்று எழுதுங்கள். போனில் படம் பிடித்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். ஏற்கெனவே ஏமாந்து பணம் போயிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. அந்த நோட்டை ஜூன் 15 காலையில் கடலுக்குப் போகும் முன் பஞ்சாயத்தில் ஒப்படையுங்கள். ஊர்ப் பெயரில் ஒரு மனு எழுதி மாவட்ட ஆட்சியருக்கும் தில்லிக்கும் அனுப்புவோம். எழுதிக் கொடுக்க நான் வருகிறேன்.